பழைய பிக்கப்பில் வேலை டிரெய்லர்: அறிகுறியிலிருந்து கோளாறைக் கண்டுபிடிக்கும் வழிமுறை

அமெரிக்காவில் ஐம்பது வயதைத் தாண்டிய பிக்கப் வண்டிகள் பல இன்னும் தினமும் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. 1967 முதல் 1972 வரை வந்த செவ்ரோலே சி-10, சி-20, அவற்றின் இணையான ஜிஎம்சி வண்டிகள், அதே காலத்து ஃபோர்டு எஃப்-100, எஃப்-250 ஆகியவற்றை மனத்தில் வைத்து இந்த வழிமுறை எழுதப்பட்டிருக்கிறது. பின்னால் மாட்டப்படுவது மரம், சரளை, புல்வெட்டும் இயந்திரம், சிறு மண்வெட்டும் இயந்திரம் போன்றவற்றை ஏற்றும் ஓர் அச்சு அல்லது ஈரச்சுத் தட்டை டிரெய்லர் என்று கொள்ளலாம்.

இவ்வண்டிகளில் கோளாறு தெரியும் இடம் ஒன்று, இருக்கும் இடம் வேறாகவே பெரும்பாலும் அமைகிறது. ஸ்டியரிங் ஆடுகிறது என்று பட்டறைக்கு வரும் வண்டியில் சுமை தவறான இடத்தில் ஏற்றப்பட்டிருக்கும். கியர்பெட்டி போய்விட்டது என்று வரும் வண்டியில் டிரெய்லரின் பிரேக் பிடித்தபடியே இருக்கும். ஆகவே முதலில் சுமை, அடுத்து டிரெய்லர், பிறகு இணைப்பு, கடைசியாகப் பிக்கப் என்ற வரிசையில் சோதித்துக்கொண்டு போக வேண்டும். செலவும் ஏறக்குறைய அதே வரிசையில்தான் ஏறுகிறது.

சோதனை தொடங்கும் முன் இரண்டு எண்கள் கையில் இருக்க வேண்டும். ஒன்று, ஏற்றிய டிரெய்லரின் மொத்த எடை. நெடுஞ்சாலை ஓரத்து லாரி நிறுத்தங்களில் உள்ள எடைமேடையில் சில டாலர் கட்டணத்தில் இதைத் தெரிந்துகொள்ளலாம். மற்றது, இணைப்பின் மிகப் பலவீனமான உறுப்பு தாங்கும் எடை. ஹிட்ச் (பிக்கப்பின் பின்னால் மாட்டும் இழுவைச் சட்டம்), அதில் செருகும் தண்டு, தண்டின் முனையில் உள்ள குண்டு, அந்தக் குண்டைக் கவ்விப் பூட்டும் டிரெய்லரின் கப்ளர் ஆகிய ஒவ்வொன்றிலும் தாங்கும் எடை பொறிக்கப்பட்டிருக்கும். அவற்றில் எது சிறியதோ அதுவே உங்கள் வரம்பு. செவ்ரோலே வண்டியாக இருந்தால் கையுறைப் பெட்டிக் கதவின் உட்புறத்தில் ஒட்டிய தாளையும் பாருங்கள். அது கிழியாமல் இருந்தால், பின்னச்சின் பல்விகிதம் முதல் கனரக ஸ்பிரிங் வரை தொழிற்சாலையில் என்ன மாட்டினார்கள் என்பதை அதிலேயே படித்துவிடலாம்.

## அறிகுறி: 50 மைல் வேகத்தைத் தாண்டினால் டிரெய்லர் இடமும் வலமும் ஆடுகிறது

ஆட்டம் தொடங்கிய கணத்தில். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு, டிரெய்லர் பிரேக் கட்டுப்பாட்டுப் பெட்டியில் கையால் இயக்கும் விசையை மட்டும் அழுத்துங்கள்; டிரெய்லர் பின்னுக்கு இழுபட்டு நேராகும். வண்டியின் பிரேக்கைப் பலமாக மிதிப்பதும், வேகத்தைக் கூட்டி இழுத்து நேராக்க முயல்வதும், ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் திருப்பித் திருப்பி ஆட்டத்தைத் துரத்துவதும் டிரெய்லரைக் குறுக்கே மடக்கிவிடும்.

சுமை பின்னால் இருக்கிறதா? ஆட்டத்துக்கு முதற்காரணம் இதுதான். குண்டின் மேல் இறங்கும் எடை மொத்த டிரெய்லர் எடையில் 10 முதல் 15 விழுக்காடு இருக்க வேண்டும். 3,000 பவுண்டு டிரெய்லர் என்றால் 300 முதல் 450 பவுண்டு. இதை அளக்கத் தனிக் கருவி வேண்டியதில்லை, குளியலறை எடைக்கருவி போதும். உறுதியான ஒரு மரச்சட்டத்தின் ஒரு முனையைச் செங்கல்லின் மேலும் மறுமுனையை எடைக்கருவியின் மேலும் வைத்து, இரண்டுக்கும் இடையே மூன்றடி இருக்குமாறும் சட்டம் மட்டமாக இருக்குமாறும் அமைத்துக்கொள்ளுங்கள். செங்கல்லிலிருந்து ஓரடி தள்ளி, கப்ளருக்குக் கீழே ஒரு குழாய்த் துண்டை நிமிர்த்தி நிறுத்தி, டிரெய்லரின் முன் ஜாக்கியை இறக்கி எடை முழுவதையும் அந்தக் குழாயின் மேல் விடுங்கள். சட்டம் மட்டும் இருந்தபோது காட்டிய எண்ணைக் கழித்துவிட்டு மீதியை மூன்றால் பெருக்கினால் குண்டின் மேல் இறங்கும் எடை கிடைத்துவிடும். சக்கரங்களுக்குக் கட்டை வைக்காமல் இதைச் செய்யக் கூடாது. எடை குறைந்திருந்தால் சுமையை அச்சுக்கு முன்னால் நகர்த்துங்கள். ஈரச்சு டிரெய்லரில் இயந்திரத்தை ஓரடி முன்னால் தள்ளி நிறுத்தினாலே ஆட்டம் நின்றுவிடுவதைப் பல முறை பார்த்திருக்கிறேன்.

காற்று. டிரெய்லர் டயரில் பக்கவாட்டில் பொறித்திருக்கும் உச்ச அழுத்தத்தை, டயர் குளிர்ந்திருக்கும்போது நிரப்ப வேண்டும். பிக்கப்பின் பின்டயர் கார் வகையாக இருந்தால் அதன் மெல்லிய பக்கச்சுவர் பக்கவாட்டில் வளைந்துகொடுக்கும்; அழகுக்காக வெள்ளைப் பட்டை போட்ட கார் டயர்களை மாட்டிய வண்டிகள் இந்த விஷயத்தில் மிகவும் மோசம். சுமை இழுக்கும் வண்டிக்கு லாரி வகை டயரே தேவை. டிரெய்லர் டயரில் வெடிப்பு எதுவும் தெரியாவிட்டாலும், பக்கச்சுவரில் உள்ள நான்கிலக்க எண்ணைப் படியுங்கள்: முதல் இரண்டு இலக்கம் டயர் தயாரான வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும். டிரெய்லர் டயர்கள் தேய்ந்து சாவதைவிட வெயிலில் நின்று சாவதே அதிகம்.

இணைப்பின் உயரமும் குண்டின் அளவும். ஏற்றிய டிரெய்லர் மட்டமாகவோ மூக்கு சற்றுத் தாழ்ந்தோ நிற்க வேண்டும். மூக்கு தூக்கி நின்றால், இறக்கம் அதிகமுள்ள செருகு தண்டு வாங்கி மாட்டுங்கள். குண்டுகள் 1⅞, 2, 2 5/16 அங்குலம் என மூன்று அளவில் புழங்குகின்றன. 2 அங்குலக் கப்ளரில் 1⅞ அங்குலக் குண்டு பார்வைக்குச் சரியாக உட்காரும், முதல் பள்ளத்தில் கழன்றுவிடும். கப்ளரைப் பூட்டியபின் டிரெய்லர் ஜாக்கியைச் சுற்றி உயர்த்துங்கள். பிக்கப்பின் பின்பகுதி கூடவே எழுந்தால் பூட்டு பிடித்திருக்கிறது என்று பொருள்.

பிக்கப்பின் அடிப்பகுதி. மேலே சொன்னவை அனைத்தும் சரியாக இருந்தும் ஆட்டம் தொடர்ந்தால் மட்டும் வண்டிக்கு அடியில் படுக்க வேண்டும். இந்தத் தலைமுறை சி-10 வண்டியில் பின்புறம் பெரும்பாலும் சுருள் ஸ்பிரிங். அச்சை இரண்டு நீண்ட கைகளும் ஒரு குறுக்குத் தண்டும் பிடித்திருக்கும். கைகளின் முன்முனையில் உள்ள ரப்பர் புஷ்ஷும் (இணைப்பில் அதிர்வைத் தாங்கும் உருளை வளையம்) குறுக்குத் தண்டின் இரு முனைப் புஷ்ஷும் நொறுங்கியிருந்தால் பின்னச்சே பக்கவாட்டில் நகரும். ஒருவர் வண்டியின் பின்பகுதியைப் பக்கவாட்டில் தள்ளி ஆட்ட, மற்றவர் அந்த முனைகளைப் பார்த்தால் போதும். மாற்றுப் புஷ்ஷுகள் விலை மலிவு, மாற்றும் வேலைதான் நாள் முழுக்க ஆகும். ஜிஎம்சி வண்டிகளில் பெரும்பாலும் பட்டை ஸ்பிரிங் இருப்பதால் அங்கே ஸ்பிரிங்கின் முனையைச் சேஸிஸோடு இணைக்கும் ஷாக்கிளின் புஷ்ஷைப் பாருங்கள்.

முன்னால், சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழும் பிடித்து அசைத்துப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் இன்னொருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள்: அப்போது ஆட்டம் மறைந்தால் வீல் பேரிங்கை இறுக்கினால் போதும், மறையாவிட்டால் சக்கரம் திரும்ப உதவும் மூட்டு, அதாவது செவ்ரோலேயில் பால் ஜாயிண்ட், இருசக்கர இழுவை ஃபோர்டில் கிங்பின், தேய்ந்திருக்கிறது. கிங்பின் மாற்ற பிரஸ்ஸும் ரீமரும் வேண்டும் என்பதால் அதைப் பட்டறையிடம் விடுவதே நல்லது.

ஸ்டியரிங் பெட்டி மாட்டியிருக்கும் இடத்திலோ ஹிட்ச் போல்ட்டுகளைச் சுற்றியோ சேஸிஸில் விரிசல் தெரிந்தால் டிரெய்லரை அன்றே கழற்றிவிட்டு, சேஸிஸ் வெல்டிங்கில் பழகிய ஒருவரிடம் காட்டுங்கள்.

## அறிகுறி: பின்பகுதி அமர்ந்து, ஹெட்லைட் மரக்கிளையைக் காட்டுகிறது

முதலில் குண்டின் மேல் உள்ள எடையை மேலே சொன்ன முறையில் அளந்து, 15 விழுக்காட்டைத் தாண்டியிருந்தால் சுமையைப் பின்னால் நகர்த்துங்கள். பிக்கப்பின் சுமைப் பெட்டியில் கருவிகளையும் சிமெண்டு மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு டிரெய்லரையும் மாட்டியிருந்தால், இரண்டும் ஒரே பின்னச்சின் மேல்தான் இறங்குகின்றன என்பதை நினைவில் கொள்ளுங்கள். அளவு சரியாக இருந்தும் அமர்ந்தால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது. கனரகச் சுருளோ கூடுதல் பட்டையோ போடலாம். காற்றுப்பை போட்டு வண்டியை நிமிர்த்தினால் பார்வைக்குச் சரியாகிவிடும், ஆனால் அச்சும் பிரேக்கும் தாங்கும் எடை அதனால் ஒரு பவுண்டும் கூடுவதில்லை. குண்டு நேரடியாகப் பின் பம்பரில் மாட்டியிருந்தால் அதைக் கழற்றிவிட்டு, சேஸிஸோடு போல்ட் போட்ட ஹிட்சை மாட்டுவதே என் பரிந்துரை. பழைய பம்பரின் தகடு எங்கே துருப்பிடித்திருக்கிறது என்பது வெளியே தெரியாது.

## அறிகுறி: டிரெய்லர் விளக்குகள் விருப்பப்படி எரிகின்றன

இந்த அறிகுறியோடு வரும் வண்டிகளில் பாதிக்கு மேல் எர்த் (மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் வழி) கோளாறுதான். எனவே கிளை பிரிக்கும் முன் ஒரே ஒரு சோதனை: பிக்கப் பேட்டரியின் நெகடிவ் முனையிலிருந்து ஒரு நீண்ட வயரை இழுத்து, டிரெய்லர் விளக்கின் உலோக உடம்பில் தொட்டுப் பாருங்கள். விளக்கு ஒழுங்காக எரியத் தொடங்கினால் மேற்கொண்டு எதையும் பிரிக்க வேண்டாம்.

இடது இண்டிகேட்டரைப் போட்டால் இரண்டு பக்கமும் மங்கலாக மினுங்குகிறது. அல்லது பிரேக்கை மிதித்தால் பின்விளக்கு அணைகிறது. மின்சாரம் திரும்பிச் செல்ல எர்த் கிடைக்காமல் அடுத்த பல்பின் இழை வழியாகப் போய்க்கொண்டிருக்கிறது. குண்டும் கப்ளரும் தொட்டுக்கொண்டிருப்பதே எர்த் என்று சிலர் நம்புகிறார்கள். கிரீஸ் பூசிய குண்டின் வழியே மின்சாரம் ஒழுங்காகப் போகாது. நான்கு முனை இணைப்பில் வெள்ளை வயர்தான் எர்த். அதன் முனையை வண்டியின் சேஸிஸில் துருவையும் பெயிண்டையும் பளபளக்கும் வரை சுரண்டிய இடத்தில் போல்ட் போட்டு, மேலே கிரீஸ் தடவுங்கள். டிரெய்லர் பக்கத்திலும் இதையே செய்யுங்கள். இந்த வயதுள்ள வண்டியில் என்ஜினுக்கும் கேபினுக்கும் சேஸிஸுக்கும் இடையே போகும் பின்னல் பட்டைகள் அறுந்தோ காணாமலோ போயிருக்கும். மூன்றையும் புதிதாகப் போட்டால் டிரெய்லரோடு டாஷ்போர்டு மீட்டர்களும் சேர்ந்து திருந்தும்.

ஒரு பக்கம் மட்டும் எரியவில்லை. வழக்கமான நிற வரிசை: வெள்ளை எர்த், பழுப்பு பின்விளக்கு, மஞ்சள் இடது, பச்சை வலது. பிரேக்குக்கும் இண்டிகேட்டருக்கும் பல்பின் ஒரே இழையைப் பயன்படுத்தும் முறை இந்தப் பிக்கப்புகளிலும் டிரெய்லர்களிலும் ஒன்றேயாக இருப்பதால் வயரை நேராக இணைக்கலாம். டெஸ்ட் லாம்பை முதலில் பிக்கப்பின் சாக்கெட்டில் வையுங்கள். அங்கே மின்சாரம் வந்தால் கோளாறு டிரெய்லரில் இருக்கிறது. வராவிட்டால் பிக்கப்பின் அந்தப் பக்க விளக்கே எரிகிறதா என்று பாருங்கள். இரண்டு பக்கத்திலும் பிரேக் விளக்கு எரியாமல் பின்விளக்கு மட்டும் எரிந்தால் பிரேக் சுவிட்ச். பின்விளக்கு சரியாக எரிந்து, பிரேக்கும் இண்டிகேட்டரும் ஒரு பக்கத்தில் மட்டும் இல்லாவிட்டால் ஸ்டியரிங் தண்டில் உள்ள இண்டிகேட்டர் சுவிட்ச் தேய்ந்திருக்கலாம். அதை மாற்ற ஸ்டியரிங்கைக் கழற்ற வேண்டும். இழுப்பான் கருவி இல்லாதவர்கள் அதில் கை வைக்க வேண்டாம்.

டிரெய்லரை மாட்டியவுடன் இண்டிகேட்டர் வேகமாக அடிக்கிறது. இண்டிகேட்டரை விட்டுவிட்டு எரியவைக்கும் பழைய ஃபிளாஷர் வெப்பத்தால் இயங்குவது. கூடுதல் பல்பு இழுக்கும் மின்சாரத்தில் அது சீக்கிரம் சூடாகிறது. கனரக ஃபிளாஷர் ஒன்றை அதே சாக்கெட்டில் செருகினால் முடிந்தது. ஒரு பல்பு போனாலும் அது அதே வேகத்தில் அடித்துக்கொண்டிருக்கும் என்பதால், வண்டியைச் சுற்றி வந்து பார்க்கும் பழக்கம் இதற்குப் பிறகு கட்டாயமாகிறது. பிக்கப்பின் பல்புகளை எல்இடியாக மாற்றியிருந்தால் சிக்கல் தலைகீழாகும்: பழைய ஃபிளாஷர் அடிக்காமலே நிற்கும். அதற்கு மின்னணு ஃபிளாஷர் தேவை.

ஃபியூஸ் திரும்பத் திரும்பப் போகிறது. டிரெய்லரைக் கழற்றியபின் போகாவிட்டால், வயர் சேஸிஸ் துளைக்குள் நுழையும் ஒவ்வோர் இடத்தையும் விரலால் தடவிக்கொண்டே போங்கள். தோல் உரிந்து செம்பு தெரியும் இடம் அங்கேதான் இருக்கும். பெரிய ஃபியூஸைப் போட்டு ஓட்டுவது ஐம்பது ஆண்டுப் பழைய வயர்க் கட்டைத் தீக்குக் கொடுப்பதாகும்.

பிரேக்கை மிதித்தால் ஹெட்லைட்டும் மங்குகிறது. அக்காலச் செவ்ரோலேகளில் சாதாரணமாக மாட்டிய ஆல்டர்னேட்டர் 37 ஆம்பியர்தான் தரும். ஹெட்லைட், ஹீட்டர், டிரெய்லர் விளக்குகள், நான்கு மின்பிரேக்குகள் எல்லாம் சேர்ந்தால் வண்டி குறைந்த சுற்றில் நிற்கும்போது அது போதாது. பெல்ட்டை இறுக்கி, பேட்டரி முனைகளைச் சுத்தம் செய்தும் குறை நீங்காவிட்டால் அதிகத் திறனுள்ள ஆல்டர்னேட்டருக்கு மாறலாம். மாறும்போது சார்ஜ் வயரையும் தடித்ததாக மாற்ற வேண்டும்.

## அறிகுறி: பிரேக்கை மிதித்தும் டிரெய்லர் பின்னாலிருந்து தள்ளுகிறது

பெடல் தரை வரை இறங்குகிறதா? ஆம் என்றால் இங்கேயே நிறுத்துங்கள். டிரெய்லரோடு ஒரு மைல்கூட ஓட்டக் கூடாது. 1967 முதல் இவ்வண்டிகளில் பெடலின் அழுத்தத்தைப் பிரேக் திரவத்துக்குத் தரும் மாஸ்டர் சிலிண்டர் முன், பின் என இரண்டாகப் பிரிந்திருப்பதால் ஒரு பாதி போனாலும் மறுபாதி பிடிக்கும் என்று சிலர் துணிந்து ஓட்டுகிறார்கள். வெறும் வண்டி அந்தப் பாதியில் ஒருவேளை நிற்கலாம். பின்னால் 5,000 பவுண்டு இருந்தால் நிற்காது. திரவம் குறைந்திருந்தால் பின்சக்கரங்களின் உட்பக்கத்தில் ஈரம் தெரிகிறதா என்று பாருங்கள், வீல் சிலிண்டர் ஒழுகும் இடம் அது. திரவம் குறையாமல் பெடல் மட்டும் மெல்ல இறங்கினால் மாஸ்டர் சிலிண்டர் உள்ளே விட்டுக்கொடுக்கிறது.

பெடல் உறுதியாக, ஆனால் தாழ்வாக இருக்கிறது. ஷூக்கள் (டிரம்மின் உட்புறத்தை அழுத்தி வண்டியை நிறுத்தும் பிரேக் கட்டைகள்) டிரம்மிலிருந்து விலகியிருக்கின்றன. தானாகச் சரிசெய்யும் அமைப்பு, வண்டி பின்னோக்கிப் போகும்போது பிரேக் பிடித்தால்தான் இயங்கும். காலி இடத்தில் சில முறை அப்படிச் செய்து பார்த்து, மாறாவிட்டால் பின்தகட்டின் துளை வழியே, ஷூவின் இடைவெளியைச் சரிசெய்யும் நட்சத்திரச் சக்கரத்தைத் திருப்புங்கள்.

நீண்ட இறக்கத்தில் பெடல் உறுதியாக இருந்தும் பிடிப்பு குறைந்து, எரிந்த வாடை வருகிறது. டிரம் சூடேறிவிட்டது. செவ்ரோலேயில் 1971க்கு முன் நான்கு சக்கரத்திலும் டிரம்தான். பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்ற வேண்டாம். ஏறும்போது எந்தக் கியரில் ஏறினீர்களோ அதிலேயே இறங்குங்கள். சுமை ஏற்றி அடிக்கடி மலைச்சாலையில் போகிறவர்கள் முன்சக்கரத்தை டிஸ்க்குக்கு மாற்றுவது வீண்செலவல்ல.

பிக்கப் நன்றாகப் பிடிக்கிறது, டிரெய்லர் பிடிக்கவில்லை. டிரெய்லருக்குச் சொந்தமாகப் பிரேக் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பல மாநிலங்களில் 3,000 பவுண்டுக்குக் கீழ் பிரேக் கட்டாயமில்லை என்பதால், சிறு டிரெய்லர்கள் பலவும் அந்த வரம்புக்குச் சற்றுக் கீழாகவே தகடு ஒட்டி விற்கப்படுகின்றன. பழைய பிக்கப்புக்கு அந்தச் சலுகை பொருந்தாது என்பது என் கருத்து. சட்டம் கேட்காவிட்டாலும் பிரேக் உள்ள டிரெய்லரை வாங்குங்கள்.

பிரேக் இருந்தால், மெதுவாக ஓட்டியபடி கட்டுப்பாட்டுப் பெட்டியின் கைவிசையை அழுத்துங்கள். கைவிசையில் பிடித்து, கால்பெடலில் பிடிக்காவிட்டால், பிரேக் சுவிட்சிலிருந்து பெட்டிக்கு வரும் வயர் தவறு. இரண்டிலும் பிடிக்காவிட்டால் பெட்டிக்கு வரும் மின்சாரம், எர்த், பெட்டியிலிருந்து டிரெய்லர் பிரேக்குக்குப் போகும் நீல நிற வயர் ஆகியவற்றை இந்த வரிசையில் பாருங்கள். அவையும் சரியென்றால் டிரெய்லரைக் கழற்றி, மின்பிரேக்கை இயக்கும் காந்தங்களை மல்டிமீட்டரால் அளக்க வேண்டும். 10, 12 அங்குல டிரம்முக்கான காந்தம் ஒவ்வொன்றும் சுமார் 3.2 ஓம் காட்டும். எல்லையின்மை காட்டினால் உள்ளே சுருள் அறுந்திருக்கிறது, பூஜ்யத்தை நெருங்கினால் சுருள் உள்ளே ஷார்ட் ஆகியிருக்கிறது. காந்தம் நன்றாக இருந்தும் பிடிக்காவிட்டால் டிரம்மைக் கழற்றுங்கள். உட்புறச் சீல் கிழிந்து லைனிங்கில் கிரீஸ் படிந்திருந்தால் கழுவிப் பயனில்லை, ஷூவை மாற்ற வேண்டும்.

இண்டிகேட்டர் போட்டால் டிரெய்லர் பிரேக் விட்டுவிட்டுப் பிடிக்கிறது. பிரேக்கும் இண்டிகேட்டரும் ஒரே வயரில் போகும் வண்டிகளுக்கே உரிய கோளாறு இது. கட்டுப்பாட்டுப் பெட்டியின் சிவப்பு வயரைப் பின்விளக்குப் பக்கத்தில் இணைத்திருக்கிறார்கள். பெடலின் மேலே உள்ள பிரேக் சுவிட்சிலிருந்து இண்டிகேட்டர் சுவிட்சுக்குப் போகும் வயரில்தான் அதை இணைக்க வேண்டும். செவ்ரோலேயில் அந்த வயர் வெள்ளை. எர்த் வயரும் வெள்ளை என்பதால் வெட்டும் முன் டெஸ்ட் லாம்பை வைத்து, பெடலை மிதித்தால் மட்டும் எரிகிறதா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். பெட்டிக்கான மின்சாரத்தை ஃபியூஸ் பலகையிலிருந்து எடுக்காமல் பேட்டரியிலிருந்து நேராக, 20 ஆம்பியர் பிரேக்கர் வழியே தடித்த வயரில் கொண்டுவாருங்கள். நான்கு காந்தங்கள் சேர்ந்து சுமார் 15 ஆம்பியர் இழுக்கும்.

## அறிகுறி: மேட்டில் ஏறும்போது வெப்ப மீட்டர் உயர்ந்துகொண்டே போகிறது

ஏறும்போதே ஹீட்டரை முழுச் சூட்டிலும் முழு விசிறியிலும் வையுங்கள். கோடையில் வேதனையாக இருந்தாலும் அடுத்த ஒதுங்குமிடம் வரை என்ஜினைக் காப்பாற்றிவிடும். சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறக்கக் கூடாது.

ஆறியபின் தண்ணீர் மட்டம், மூடியின் ரப்பர், பெல்ட்டின் இறுக்கம் ஆகியவற்றைப் பாருங்கள். அடுத்து விசிறியைச் சுற்றியுள்ள கூடு இருக்கிறதா என்று பாருங்கள்: யாரோ எப்போதோ என்ஜினைக் கழற்றியபோது அதைத் தூக்கி எறிந்திருப்பார்கள். கூடு இல்லாத விசிறி ரேடியேட்டரின் நடுவில் மட்டுமே காற்றை இழுக்கும், மேட்டில் மெதுவாகப் போகும்போது அது போதாது. பிறகு ரேடியேட்டரின் கீழ்க்குழாய்: என்ஜினை உயர்ந்த சுற்றில் வைத்து அது உள்ளொடுங்குகிறதா என்று ஒருவர் பார்க்க வேண்டும்.

சமதரையில் வேகமாகப் போனாலும் சூடாகிறது என்றால் ரேடியேட்டர் உள்ளே அடைத்திருக்கலாம். நின்றால் மட்டும் சூடாகிறது என்றால் விசிறி அல்லது அதன் கிளட்ச். சுமையில் மட்டும் சூடாகிறது என்றால் இக்னிஷன் டைமிங் (தீப்பொறி விழும் நேரம்) பின்தங்கியிருக்கிறதா, தீப்பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரின் வேக்குவம் குழாய் கிழிந்திருக்கிறதா என்பதைப் பார்க்காமல் புதிய ரேடியேட்டர் வாங்காதீர்கள். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது தீர்வல்ல.

எண்ணெயில் பால்நிறம் தெரிந்தாலோ, சூடேறாத என்ஜினின் ரேடியேட்டரில் குமிழிகள் தொடர்ந்து வந்தாலோ ஹெட் கேஸ்கெட் போயிருக்கிறது. அதன்பின் ஓட்டுவது செலவைப் பெருக்கும்.

## அறிகுறி: ஏற்றத்தில் இழுவை குறைந்து, சில நேரம் அணைந்துவிடுகிறது

முதலில் டிரெய்லரைக் கழற்றிவிட்டு அதே ஏற்றத்தில் ஓட்டிப் பாருங்கள். வண்டி துள்ளி ஏறினால், டிரெய்லர் சக்கரங்களைத் தூக்கிச் சுற்றி, பிரேக் உரசுகிறதா என்று பார்ப்பதே அடுத்த வேலை. அதன்பின்தான் எரிபொருள்.

செவ்ரோலேயின் ராச்செஸ்டர் கார்புரேட்டரில் எரிபொருள் குழாய் நுழையும் பெரிய நட்டுக்குள் விரல்நுனி அளவு வடிகட்டி ஒன்று இருக்கும். குழாயில் வேறு வடிகட்டியை மாட்டியவர்கள் இது இருப்பதையே மறந்துவிடுகிறார்கள். அடைத்திருந்தால் வண்டி சமதரையில் நன்றாக ஓடி, அதிக எரிபொருள் கேட்கும் ஏற்றத்தில் மட்டும் தடுமாறும். நட்டைத் திருகும்போது இரண்டு ஸ்பேனர் பிடியுங்கள். கார்புரேட்டரின் திருகு இழை மென்மையானது. வடிகட்டி சுத்தமாக இருந்தால் டாங்கி மூடியைத் தளர்த்தி ஓட்டிப் பாருங்கள்: மூடியின் காற்றுத்துளை அடைத்திருந்தால் டாங்கிக்குள் வெற்றிடம் உண்டாகி பம்ப் இழுக்க முடியாமல் நிற்கும்.

அணைந்த வண்டி அரை மணி நேரம் ஆறியபின் கிளம்பினால் இரண்டே சந்தேகம். அணைந்த உடனே கார்புரேட்டருக்குள் பார்த்தபடி ஆக்சிலரேட்டர் கம்பியை இழுங்கள். பெட்ரோல் பீய்ச்சாவிட்டால் அது குழாயில் ஆவியாகிவிட்டது. பீய்ச்சினால் இக்னிஷன் காயில் சூட்டில் சாகிறது. ஆவியாவதற்கு எக்ஸாஸ்டுக்கு அருகே போகும் குழாயை விலக்கி, வெப்பக் கவசம் சுற்றுவதே மலிவான மருந்து. இன்று பம்புகளில் கிடைக்கும் 10 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலில் இந்தத் தொல்லை அதிகம். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் காயிலின் மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் பாயிண்டின் இடைவெளியையும் அப்போதே பாருங்கள்: செவ்ரோலே வி8 என்ஜினில் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் சிறு சன்னல் வழியே, என்ஜின் ஓடும்போதே, ட்வெல் கோணத்தை (பாயிண்ட் மூடியிருக்கும் சுழற்சி அளவு) 30 டிகிரிக்கு வைக்கலாம்.

இவ்வண்டிகளில் டாங்கி இருக்கைக்குப் பின்னால், கேபினுக்குள்ளேயே இருப்பது வழக்கம். உள்ளே பெட்ரோல் வாடை வந்தால் மற்ற எல்லாச் சோதனையையும் விட்டுவிட்டு அதைப் பாருங்கள்.

## அறிகுறி: என்ஜின் உறுமுகிறது, வேகம் ஏறவில்லை

கையால் கியர் போடும் வண்டியில், சமதரையில் உயர்ந்த கியரில் மெதுவாகப் போய்க்கொண்டே ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதியுங்கள். சுற்று மட்டும் ஏறினால் கிளட்ச் வழுக்குகிறது. பெடலில் ஓர் அங்குலம் அளவாவது வெற்றசைவு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் இணைப்புக் கம்பியைச் சரிசெய்தாலே தீர்ந்துபோகலாம். இருந்தும் வழுக்கினால் பட்டறை.

ஆட்டோமேட்டிக்கில் கியர்பெட்டி எண்ணெயின் அளவுக் குச்சியை இழுத்து வெள்ளைத் துணியில் துடையுங்கள். சிவப்பாக, மட்டம் மட்டும் குறைந்திருந்தால் நிரப்பிவிட்டு ஒழுகல் தேடுங்கள். பழுப்பாக, கருகிய வாடையோடு இருந்தால் உள்ளே கிளட்ச் தட்டுகள் எரிந்திருக்கின்றன; புதிய எண்ணெய் ஊற்றிச் சரியாகும் நிலை அதுவல்ல. நல்ல நிலையில் இருக்கும்போதே தனியாக ஓர் எண்ணெய் குளிர்விப்பானை ரேடியேட்டருக்கு முன்னால் மாட்டிவிடுவது, டிரெய்லர் இழுக்கும் ஆட்டோமேட்டிக்குக்குச் செய்யக்கூடிய மிகச் சிறந்த செலவு.

## அறிகுறி: டிரெய்லரின் ஒரு சக்கரம் மட்டும் கொதிக்கிறது

புறப்பட்டு இருபது மைல் போனதும் நிறுத்தி, ஒவ்வொரு ஹப்பின் அருகிலும் புறங்கையைக் கொண்டுபோங்கள். தொட முடியாத சூட்டில் ஒன்று இருந்தால் அதுதான். எல்லாமே அந்த அளவு சூடாக இருந்தால் கட்டுப்பாட்டுப் பெட்டி பிரேக்கை முழுவதும் விடுவதில்லை என்று பொருள்.

சூடான சக்கரத்தைத் தூக்கிச் சுற்றுங்கள். உரசி நின்றால் பிரேக் இறுக்கமாக வைக்கப்பட்டிருக்கிறது. நட்சத்திரச் சக்கரத்தைச் சற்றுத் தளர்த்துங்கள். உரசாமல் கரகரவென்று சத்தம் வந்தால் பேரிங். ஹப்பைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவி, உருளைகளையும் அவை ஓடும் வளையத்தையும் வெளிச்சத்தில் பாருங்கள்: நீலம் பாய்ந்திருந்தாலோ நகத்தில் தட்டுப்படும் குழிகள் இருந்தாலோ உருளை, வளையம் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். புதிய கிரீஸை உள்ளங்கையில் வைத்து, உருளைகளின் இடையே மறுபக்கம் பிதுங்கி வரும் வரை அழுத்துங்கள். ஹப்பைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்கி உட்காரவைத்து, பிறகு முழுவதும் தளர்த்தி, விரலால் திருகும் அளவுக்கு மட்டும் மீண்டும் இறுக்கி, நட்டு சுழலாமல் பூட்டும் புதிய காட்டர் பின்னைப் போடுங்கள். பழைய பின்னை நிமிர்த்திப் போட வேண்டாம். இந்தக் கிரீஸ் வேலை ஆண்டுக்கு ஒரு முறை, அல்லது 12,000 மைலுக்கு ஒரு முறை, எது முந்துகிறதோ அப்போது. சக்கர நட்டுகளை முதல் 50 மைலிலும் அடுத்த 50 மைலிலும் டார்க் ரெஞ்சால் மீண்டும் இறுக்குங்கள்.

பேரிங் உட்காரும் தண்டிலேயே கீறலோ நீலமோ தெரிந்தால், புதிய பேரிங்கும் சில நூறு மைலில் அதே கதிக்குத்தான் போகும். தண்டை மட்டும் வெட்டி ஒட்டுவதாகச் சொல்லும் பட்டறைகள் உண்டு. சக்கரங்களுக்கு இடைப்பட்ட அளவையும் ஸ்பிரிங் உட்காரும் இடைவெளியையும் குறித்துக்கொண்டு, அதே அளவில் முழு அச்சாக வாங்கி மாற்றுவது விலையிலும் பெரிய வித்தியாசம் இல்லாதது, கோணமும் தவறாது.